இணைய வானொலிப் பதிவு: எங்கே கோளாறு?

எங்கள் அம்மாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் பழைய பாடல் நிகழ்ச்சி ஒன்று பிடிக்கும். ஆனால் ஒன்பதரைக்கே கண் சொருகிவிடும். அதனால் அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, காலையில் பென் டிரைவில் போட்டு, சமையலறை ஸ்பீக்கரில் செருகிவிடுவது என் வேலை. நாலு வருடமாக நடக்கிறது. முதல் வருடம் வாரத்துக்கு இரண்டு நாளாவது பதிவு சொதப்பும். “இன்னிக்கும் ஒண்ணும் விழலையா?” என்ற கேள்வியோடுதான் காபி வரும். அப்படிச் சொதப்பியவற்றையெல்லாம் அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்; ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

நான் வைத்திருப்பவை விஎல்சி (பாடவிடும் மென்பொருள்), எஃப்எஃப்எம்பெக் (கட்டளை அடித்து ஓட்டும் பதிவுக் கருவி), எப்போதாவது ஆடாசிட்டி (ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும் மென்பொருள்). மூன்றும் இலவசம். இயங்குதளம் விண்டோஸ். கட்டளைகளைப் போனில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவதுபோல் எழுதுகிறேன். ‘மைனஸ்’ என்று வந்தால் விசைப்பலகையில் உள்ள சிறு கோடு. அடுத்து வரும் சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில், கோட்டோடு ஒட்டி அடிக்க வேண்டும்.

வீட்டில் கேட்பதற்காகப் பதிவு செய்வது பற்றித்தான் பேசுகிறேன். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடம் விட்டிருக்கிறது. பதிவு செய்ததை யூடியூபில் ஏற்றுவது வேறு சமாச்சாரம்.

முதலில் கோப்பின் எடை

பதிவு சரியில்லை என்றதும் பலரும் செய்வது, மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. நானும் செய்திருக்கிறேன். அதற்கு முன்னால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து எடையைப் பாருங்கள். பாதி வியாதி அதிலேயே தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. 128 கிலோபிட் ஸ்ட்ரீம் (நிலையத்திலிருந்து இணையம் வழியே ஓடிவரும் ஒலி) என்றால் நொடிக்கு 16,000 பைட். மணிக்கு 57.6 மெகாபைட். 64 கிலோபிட் என்றால் அதில் பாதி, 28.8. கிலோபிட் எண்ணை 0.45ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மெகாபைட் என்று வந்துவிடும். விண்டோஸ் 1024 கணக்கில் சொல்வதால் 57.6 என்பதை 55 என்று காட்டும்; பயப்பட வேண்டாம். உங்கள் நிலையம் எத்தனை கிலோபிட் என்று தெரியாவிட்டால் விஎல்சியில் பாடவிட்டு கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் (ஒலியைக் குறுக்கியிருக்கும் முறை) விவரம் வரும், பக்கத்துத் தாவலில் வேகமும் ஓடும். அந்தச் சன்னலின் அடியில் இருக்கும் முகவரிதான் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் முகவரி. அதையும் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்த்த எடை இருந்து ஒலி மட்டும் கெட்டிருந்தால் அது ஒரு வகை. எடை குறைவாக இருந்தால் வேறு வகை. பத்து மடங்குக்கு மேல் இருந்தால் நீங்கள் ஸ்ட்ரீமைப் பதிவு செய்யவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தை, குறுக்காத வேவ் கோப்பாகப் பிடித்திருக்கிறீர்கள். அது மணிக்கு 635 மெகாபைட் தின்னும்.

கோப்பு சில நூறு பைட்தான்

நோட்பேடில் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று வரி எழுத்து இருக்கும், அதில் ஒரு இணைய முகவரி இருக்கும். அதாவது நீங்கள் இறக்கியது வானொலியை அல்ல, வானொலி இருக்கும் இடத்தைச் சொல்லும் சீட்டை. பிஎல்எஸ், எம்3யூ என்று முடியும் முகவரிகள் எல்லாம் சீட்டுகள்தான். சீட்டுக்குள் இருக்கும் முகவரியை எடுத்துப் பதிவு மென்பொருளுக்குக் கொடுத்தால் முடிந்தது.

எம்3யூ8 என்று கடைசியில் எட்டு இருந்தால் கதை வேறு. அது ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் முறை. அதில் வானொலி ஒரே ஓட்டமாக வராது. ஒலியைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைத்து, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத் தருவார்கள். பட்டியல் சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், பழைய துண்டுகள் உதிர்ந்துபோகும். டவுன்லோடு மேனேஜரில் போட்டால் அந்த நேரத்துப் பட்டியல் மட்டும் கிடைக்கும். விஎல்சியில் ‘டம்ப் ரா இன்புட்’ என்ற கட்டத்தை டிக் செய்து பதிவு செய்வதும் இதற்குச் சரிப்படாது. எஃப்எஃப்எம்பெக்குக்கு அந்த எம்3யூ8 முகவரியை அப்படியே கொடுங்கள். பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்து, துண்டுகளை எடுத்து ஒட்டுவதெல்லாம் அதன் பாடு.

நிலையத்தின் பக்கத்தில் பிளே பொத்தான் மட்டும் இருக்கிறது, முகவரியைக் காணோம் என்றால் பிரவுசரில் எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் தாவலுக்குப் போய் பிளே கொடுங்கள். ‘மீடியா’ என்று வடிகட்டினால் நேரடி ஸ்ட்ரீம் தெரியும். தேடல் பெட்டியில் எம்3யூ8 என்று அடித்தால் பட்டியல் முகவரி தெரியும். முகவரியின் வாலில் ‘டோக்கன்’, ‘எக்ஸ்பயர்ஸ்’ மாதிரி ஏதாவது நீளமாகத் தொங்கினால் அதை நாளைக்கு என்று சேமித்து வைக்காதீர்கள். அது தயிர் மாதிரி, இன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

சில கிலோபைட்தான், திறந்தால் வலைப்பக்கம்

இது பழைய ஷவுட்காஸ்ட் சர்வர்களின் குணம். வானொலியை இணையத்தில் அனுப்பும், 1990களின் கடைசியில் வந்த இந்த மென்பொருளை இன்னும் பல சின்ன நிலையங்கள் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. முகவரியில் முக்காற்புள்ளி போட்டு 8000 மாதிரி ஒரு எண்ணோடு முடிந்துவிட்டால் பெரும்பாலும் இதுவாக இருக்கும். வருவது பிரவுசரா, பாட்டுக் கேட்கும் மென்பொருளா என்று அது பெயரைக் கேட்டுப் பார்க்கும். பிரவுசர்கள் சொல்லும் ‘மொசில்லா’ என்ற பெயரைச் சொன்னால் பாட்டைத் தராது. இத்தனை பேர் கேட்கிறார்கள், இந்தப் பாட்டு ஓடுகிறது என்ற நிலவரப் பக்கத்தைத் தந்துவிடும். தீர்வு ஒரே ஒரு குறி: எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு, அதை ஒட்டி ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். இதை முதன்முதலில் செய்து பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அதே பழைய சர்வர் இன்னொரு வம்பும் செய்யும். இணைப்பு கிடைத்ததும் எல்லா சர்வரும் சொல்வதுபோல் ‘ஹெச்டிடிபி’ என்று தொடங்காமல் ‘ஐசிஒய் 200 ஓகே’ என்று பதில் சொல்லும். கட்டளை அடித்து இணையத்திலிருந்து இறக்கும் கர்ல் மாதிரி கருவிகளின் புதிய பதிப்புகள் இதைப் பார்த்து, ‘ஹெச்டிடிபி 0.9 அனுமதி இல்லை’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விஎல்சிக்கும் எஃப்எஃப்எம்பெக்குக்கும் இந்தப் பேச்சு பழக்கம். அவற்றையே பயன்படுத்துங்கள். மாறாக ஸ்ட்ரீம்ரிப்பர் என்ற பழைய கருவி பழைய சர்வர்களோடு நன்றாகப் பேசும், ஆனால் ஹெச்டிடிபிஎஸ் முகவரி கொடுத்தால் விழிக்கும்.

403 என்று பதில் வந்தால் உள்ளே விட மறுக்கிறார்கள் என்று அர்த்தம். டோக்கன் காலாவதியாகியிருக்கலாம், அல்லது அந்த நிலையம் தன் நாட்டுக்கு வெளியே ஒலிபரப்புவதில்லை.

பூஜ்யம் பைட், அல்லது கோப்பே இல்லை

மூன்று காரணங்களை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

ஒன்று, முகவரிக்குள் ‘அண்ட்’ குறி இருப்பது. விண்டோஸில் கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னலில் அந்தக் குறி வந்தால், இத்தோடு ஒரு கட்டளை முடிந்தது, மீதி அடுத்த கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் தீர்ந்தது. கட்டளையைப் பேட்ச் கோப்பில் (கிளிக் செய்தால் ஓடும் கட்டளைக் கோப்பு) எழுதி வைத்தால் சதவீதக் குறியும் தொல்லை தரும். ஒன்று இருக்கும் இடத்தில் இரண்டு போட வேண்டும்.

இரண்டு, ஏஏசி (எம்பி3 மாதிரி இன்னொரு ஒலி வகை) ஸ்ட்ரீமை எம்பி3 என்ற பெயரில் சேமிக்கச் சொல்வது. ‘எம்பி3 ஒலி ஒன்றுதான் இருக்க வேண்டும்’ என்று எஃப்எஃப்எம்பெக் ஆங்கிலத்தில் முறையிட்டுவிட்டு, வெறும் கோப்பை வைத்துவிட்டுப் போய்விடும். கோடெக் விவரத்தில் ஏஏசி என்று இருந்தால் கோப்பின் பெயரையும் ஏஏசி என்றே முடியுங்கள்.

மூன்றாவதுதான் என்னை ஒரு வாரம் சுற்றவிட்டது. முதல் நாள் அருமையாகப் பதிவாகும். இரண்டாம் நாளிலிருந்து ஒன்றும் இருக்காது. கையால் ஓட்டினால் வேலை செய்யும். தானாக ஓடும்போது மட்டும் செய்யாது. காரணம், கோப்பின் பெயர் தினமும் ஒன்றே. ‘ஏற்கெனவே இருக்கிறதே, மேலே எழுதட்டுமா?’ என்று எஃப்எஃப்எம்பெக் கேட்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆமாம் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? பெயரில் தேதி வருகிற மாதிரி அமைத்தேன், சரியாகிவிட்டது. மைனஸ் ஒய் போட்டாலும் நடக்கும், ஆனால் நேற்றையது அழிந்துபோகும்.

விஎல்சியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், கோப்பு எங்கே போனது என்று தெரியவில்லை என்பவர்கள் மியூசிக் ஃபோல்டரிலும் வீடியோஸ் ஃபோல்டரிலும் ‘விஎல்சி-ரெக்கார்ட்’ என்று தொடங்கும் பெயரைத் தேடுங்கள். அமைப்புகளில் ‘இன்புட் / கோடெக்ஸ்’ பக்கத்தில் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

எடை சரி, ஆனால் நொடிக்கொரு ‘டிக்’

“பாட்டுக்குள்ள யாரோ சுண்டிக்கிட்டே இருக்காங்கடா” என்றார் அம்மா. நான் ஸ்பீக்கர் ஒயரைக் குறை சொன்னேன். ஒயரை மாற்றியும் சுண்டல் நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டபோதுதான் பொறி தட்டியது. முள் அசையும் வேகத்துக்கு ஏற்றபடி, சரியாக நொடிக்கு ஒன்று. கோளாறு இவ்வளவு ஒழுங்காக வராதே! யாரோ கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறதே?

கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்தேன். பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்து. தேடல் பெட்டியில் ‘ஸ்ட்ரீம்டைட்டில்’ என்று ஆங்கிலத்தில் அடித்ததும் குப்பைக்கு நடுவில், மேற்கோள் குறிக்குள், அன்றைக்கு ஒலித்த பாட்டின் பெயர் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. ஒலிக்குள்ளேயே பெயரைச் சொருகி அனுப்புகிறார்கள்.

நடப்பது இதுதான். கேட்கும் மென்பொருள் ‘பாட்டுப் பெயரும் வேண்டும்’ என்று சர்வரிடம் சொன்னால், சர்வர் குறிப்பிட்ட பைட்டுக்கு ஒருமுறை ஒலியை நிறுத்தி ஒரு பைட்டைச் சொருகும். அடுத்து வரும் குறிப்பு எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும் பைட் அது. அதில் உள்ள எண்ணைப் பதினாறால் பெருக்க வேண்டும். பெயர் மாறாத நேரங்களில் அது பூஜ்யமாக இருக்கும். எத்தனை பைட்டுக்கு ஒருமுறை என்பதைச் சர்வர் முதலிலேயே ‘மெட்டாஇன்ட்’ என்று சொல்லிவிடும். ஐஸ்காஸ்ட் என்ற இன்னொரு வகை வானொலிச் சர்வரில் அது வழக்கமாக 16,000. என் நிலையம் 128 கிலோபிட், அதாவது நொடிக்கு 16,000 பைட். ஆகவே நொடிக்கு ஒரு அந்நிய பைட், நொடிக்கு ஒரு டிக். 64 கிலோபிட் என்றால் இரண்டு நொடிக்கு ஒன்று கேட்கும். 8192 என்று வைத்திருக்கும் சர்வரில் 128 கிலோபிட்டுக்கு அரை நொடிக்கு ஒன்று.

குற்றவாளி நான்தான். எங்கோ பார்த்த கர்ல் கட்டளையை அப்படியே ஒட்டியிருந்தேன்; அதில் ‘ஐசி-மெட்டாடேட்டா: 1’ என்ற தலைப்பு வரி இருந்தது. பெயர் வேண்டும் என்று கேட்டுவிட்டு, வந்ததைப் பிரித்து எடுக்காமல் அப்படியே வட்டில் கொட்டியிருக்கிறேன். அந்த வரியை நீக்கினால் சர்வர் எதையும் சொருகாது. எஃப்எஃப்எம்பெக்கோ விஎல்சியோ என்றால் கேட்கவும் தெரியும், பிரிக்கவும் தெரியும்.

ஏற்கெனவே பதிவானதைக் காப்பாற்ற முடியும். கோப்பின் தொடக்கத்திலிருந்து 16,000 பைட் எண்ணி வைத்துக்கொள், அடுத்த பைட்டைப் படி, அதைப் பதினாறால் பெருக்கி வருகிற அளவைத் தூக்கி எறி, மறுபடி 16,000 என்று பைத்தானில் பத்துப் பதினைந்து வரி எழுதினேன். அப்படிக் கெட்டிருந்த பதினொரு பதிவுகளும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. ஒரே நிபந்தனை: இணைப்பு தொடங்கிய இடத்திலிருந்தே கோப்பு இருக்க வேண்டும், முன்பக்கத்தை வெட்டியிருக்கக் கூடாது. வெட்டினால் எண்ணிக்கை தவறிவிடும்.

டிக் சத்தம் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் இது காரணம் அல்ல. அது இணைப்பின் கோளாறு, அடுத்த பகுதி.

பாதியில் நின்றுவிட்டது

இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும், நிகழ்ச்சி முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று எஃப்எஃப்எம்பெக் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும். மறுபடி இணைத்துக்கொள் என்று நாம்தான் சொல்ல வேண்டும். இப்போது என் கட்டளையை வாசிக்கிறேன்: எஃப்எஃப்எம்பெக், மைனஸ் ரீகனெக்ட் 1, மைனஸ் ரீகனெக்ட் அடிக்கோடு ஸ்ட்ரீம்டு 1, மைனஸ் ரீகனெக்ட் அடிக்கோடு டிலே அடிக்கோடு மேக்ஸ் 30, மைனஸ் ஐ, மேற்கோளுக்குள் முகவரி, மைனஸ் டி 3900, மைனஸ் சி காப்பி, கடைசியில் கோப்பின் பெயர். டி என்பது டைம் என்பதன் முதல் எழுத்து. 3900 நொடி என்றால் 65 நிமிடம். சி காப்பி என்றால் ஒலியை மறுபடி குறுக்காமல் வந்தபடியே எழுது என்று அர்த்தம்.

வரிசை முக்கியம். ரீகனெக்ட் எல்லாம் மைனஸ் ஐ-க்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் அவை வெளியே எழுதும் கோப்புக்கான தேர்வுகள் என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, பயனில்லாமல் போகும். இரண்டாவது தேர்வு ஏன் என்றால், நேரடி ஒலிபரப்பில் பின்னால் போய் விட்ட இடத்தைப் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட ஸ்ட்ரீமுக்கும் மறு இணைப்பு வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில சர்வர்கள் அறுந்துபோகாமல், மரியாதையாக விடைபெற்றுக்கொண்டே இணைப்பை முடிக்கும். அவற்றுக்கு ‘ரீகனெக்ட் அட் ஈஓஎஃப்’ என்ற இன்னொன்றும் தேவை, அதிலும் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. ஆனால் ஹெச்எல்எஸ் நிலையத்துக்கு அதைச் சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை பட்டியல் படித்து முடியும்போதும் ‘முடிந்ததா? மறுபடி இணை’ என்று அதே இடத்தில் செக்குமாடு மாதிரி சுற்றும்.

இணைப்பு அறுவதும் இல்லை, ஒலி வருவதும் இல்லை, கோப்பு அப்படியே உறைந்து நிற்கிறது என்றால் ‘ஆர்டபிள்யூ அடிக்கோடு டைம்அவுட்’ என்ற தேர்வுக்கு 15000000 கொடுங்கள். மைக்ரோநொடிக் கணக்கு; 15 நொடி சும்மா இருந்தால் இணைப்பை உதறிவிடும்.

மைனஸ் டி எண்ணுவது ஒலியின் நீளத்தை, கடிகாரத்தை அல்ல. நடுவில் ஐந்து நிமிடம் இணைப்பு போனால் பதிவு ஐந்து நிமிடம் தாமதமாக முடியும். நமக்கு அது நல்லதுதான்.

ஆனால் பெரும்பாலும் கோளாறு கட்டளையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. வைஃபையை விட்டு லேன் கேபிள் போட்டதும் எனக்கு அறுபடுவது பாதியாகக் குறைந்தது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பதிவு செய்பவர்கள், உங்கள் திட்டத்தில் ஒன்றரை ஜிபி மாதிரி தினசரி வரம்பு இருந்தால் அதை நினைவில் வையுங்கள். 128 கிலோபிட் ஸ்ட்ரீம் 24 மணி நேரத்துக்கு 1.38 ஜிபி எடுக்கும். வீட்டில் இன்னொருவர் ரீல்ஸ் பார்த்தால் தாங்காது. சந்தேகம் இருந்தால் அதே நேரத்தில் போனில், மொபைல் டேட்டாவில் அதே நிலையத்தைக் கேளுங்கள். அங்கேயும் நின்றால் நிலையத்தின் பிரச்சினை.

குறித்த நேரத்துக்குத் தொடங்கவே இல்லை

குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் வேலையை உருவாக்கியதும் ‘கண்டிஷன்ஸ்’ தாவலைத் திறந்து பாருங்கள். லேப்டாப்காரர்களுக்கு அங்கே இரண்டு கண்ணி இருக்கிறது. மின்சாரத்தில் ஓடும்போது மட்டும் தொடங்கு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து. இரண்டும் டிக் ஆகியேதான் வரும். கரண்ட் போனதும் பேட்டரி இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்க, விண்டோஸ் அதே நொடியில் பதிவைக் கொன்றிருக்கும். இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். கூடவே ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வாங்கிப் போடுங்கள். லேப்டாப் விழித்திருந்து ரவுட்டர் படுத்துவிட்டால் என்ன பயன்?

அதே தாவலில் ‘இந்த வேலைக்காகக் கணினியை எழுப்பு’ என்ற கட்டம் உண்டு, டிக் செய்யுங்கள். பவர் அமைப்புகளில் ‘வேக் டைமர்’களை அனுமதிக்கவும் வேண்டும். இது தூங்கும் கணினியைத்தான் எழுப்பும். ஷட் டவுன் செய்ததை எழுப்பாது. ‘ஸ்டார்ட் இன்’ பெட்டியில் ஃபோல்டரின் பெயரைக் கொடுக்காவிட்டால் கோப்பு சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அல்லது அங்கே எழுத அனுமதி இல்லாமல் பிறக்கவே பிறக்காது.

தொடங்கியது, ஆனால் வேறு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது என்றால் வெளிநாட்டு நிலையமா என்று பாருங்கள். சிங்கப்பூர் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எஃப்எம் இரண்டும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. வருடம் முழுவதும் அப்படியேதான். இலங்கை நிலையங்களுக்கு வித்தியாசமே கிடையாது. டொரண்டோதான் காலை வாரும். அங்கே சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி நிகழ்ச்சி, கோடையில் நமக்கு ஞாயிறு காலை ஐந்தரை. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு ஆறரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு வந்தால் மறுபடி ஐந்தரை. லண்டனும் மாறும், ஆனால் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். நான் காலண்டரில் இந்த நாலு ஞாயிறையும் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இணைய ஒலிபரப்பு காற்றில் வருவதைவிடச் சற்றுப் பின்தங்கியே வரும், ஹெச்எல்எஸ்ஸில் இன்னும் அதிகம். நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிடம் முன்னால் தொடங்கி, முடிந்தபின் மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். என் 65 நிமிடக் கணக்கு அப்படி வந்ததுதான்.

எடை இருக்கிறது, திறக்க மறுக்கிறது

எம்4ஏ (ஏஏசி ஒலியை வைக்கும் ஒரு கோப்பு வகை) என்ற பெயரில் பதிவு செய்தீர்களா? நடுவில் கரண்ட் போனதா? அப்படியென்றால் இதுதான் காரணம். எம்4ஏ கோப்பில் எந்த ஒலி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, பதிவு முடிந்த பிறகுதான் எழுதப்படும். முடிப்பதற்குள் கணினி அணைந்தால் ஒலி முழுவதும் வட்டில் இருக்கும், அட்டவணை இருக்காது. எந்த மென்பொருளும் தொடாது. அதே நிலையத்திலிருந்து அதே முறையில் பதிவான நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டினால் ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி பல நேரம் மீட்டுத் தரும்.

இனிமேல் பதிவை ஏஏசி அல்லது எம்கேஏ என்ற பெயரில் எடுங்கள். எம்பி3யைப் போலவே இவையும் பாதியில் அறுந்தாலும் அறுந்த இடம் வரை பாடும். எம்4ஏ வேண்டுமானால் முடிந்தபின் மைனஸ் சி காப்பி போட்டு மாற்றிக்கொள்ளலாம், சில நொடி வேலை.

வேவ் கோப்பு இப்படி அறுந்தால் ஆடாசிட்டியில் ‘ரா டேட்டா’வாக இறக்குமதி செய்து 16 பிட், ஸ்டீரியோ, 44100 என்று சொல்லுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வேவ் கோப்புக்கு 4 ஜிபி எல்லை உண்டு. ஆறே முக்கால் மணி நேரத்தில் முட்டும்.

பாட்டோடு குக்கர் விசில்

இப்படி ஒரு பதிவு என்னிடம் இன்னும் இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் மூன்று விசில். ஆடாசிட்டி மைக்கிலிருந்து பதிவு செய்துகொண்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஒலி ஹோஸ்ட் இடத்தில் ‘விண்டோஸ் வாசாபி’யைத் தேர்ந்தெடுத்து, பதிவுக் கருவியாக உங்கள் ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் ‘லூப்பேக்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் வாட்ஸ்அப் ‘டிங்’ எல்லாம் சேர்ந்தே பதிவாகும்; அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். விஎல்சி ஒலியளவை நூறுக்கு மேல் ஏற்றாதீர்கள், கரகரக்கும். முகவரியே கிடைக்காத நிலையங்களுக்கு மட்டும் இந்த வழி. மற்றதற்கெல்லாம் ஸ்ட்ரீமை உள்ளபடி எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

சில்லறைத் தொல்லைகள்

ஒரு மணி நேரப் பதிவு மூன்று மணி நேரம் என்று காட்டுகிறது, இழுத்துவிட்டால் எங்கோ குதிக்கிறது. ஸ்ட்ரீமிலிருந்து நேரடியாகக் கொட்டிய கோப்பில் மொத்த நீளம் எழுதியிருக்காது, மென்பொருள் ஊகிக்கிறது. எஃப்எஃப்எம்பெக் வழியாக ஒருமுறை காப்பி செய்தால் எம்பி3க்குச் சரியாகிவிடும். ஏஏசியை எம்4ஏ ஆக்கினால் சரியாகும்.

பாடல் பாடலாகப் பிரிக்கும் கருவி பல்லவியின் முதல் சொல்லை முந்தைய பாட்டின் வாலில் ஒட்டுகிறது. பெயர் வரும் நேரமும் பாட்டு மாறும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை, அறிவிப்பாளர் பேச்சும் குறுக்கே வரும். இதோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். மொத்தமாகப் பதிந்து, எம்பி3டைரக்ட்கட் என்ற கருவியில் கையால் வெட்டுகிறேன். அது மறுபடி குறுக்காமல் வெட்டுவதால் தரம் குறையாது.

பாட்டுப் பெயர் தமிழில் வராமல், தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்துகளாக வரிசை கட்டி வந்தால், நிலையம் யூனிகோடில் அனுப்பியதை மென்பொருள் பழைய மேற்கத்திய எழுத்துமுறை என்று படித்திருக்கிறது. மாற்றி எடுக்கலாம். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்து ஏற்கெனவே தொலைந்துபோனது, மீட்க முடியாது. பேட்ச் கோப்பில் தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் முதல் வரியில் எழுத்துமுறையை யூனிகோடுக்கான 65001க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கணினியில் தெளிவாகக் கேட்கும் பதிவு சமையலறை ஸ்பீக்கரில் தொலைபேசிக்குள்ளிருந்து பாடுவதுபோல் மந்தமாகக் கேட்டால் கோப்பைச் சந்தேகிக்காதீர்கள். குறைந்த கிலோபிட் நிலையங்கள் பல ஹெச்இ-ஏஏசி முறையில் வருகின்றன. அதில் அடிப்படை ஒலி ஒரு அடுக்கு, உயர்ந்த சுருதிகள் அதன்மேல் இன்னொரு அடுக்கு. மலிவான ஸ்பீக்கர்கள் மேலடுக்கைப் படிக்காமல் விட்டுவிடும். சில ஸ்பீக்கர்கள் ஏஏசியையே தொடாது. அதற்காக மட்டும் காலையில் ஒருமுறை 128 கிலோபிட் எம்பி3யாக மாற்றி அம்மாவின் பென் டிரைவில் போடுகிறேன். 320க்கு மாற்றினால் எடைதான் கூடும். 64இல் வந்த பாட்டுக்கு 320 சட்டை போட்டாலும் அது 64தான். மூலக்கோப்பு ஏஏசியாகவே கணினியில் இருக்கிறது.